டார்செட் கடலோரத்தில் டென்ட்: ஆச்சியும் பிள்ளைகளும் நாங்களும்

வெள்ளி இரவு, ஸ்வானேஜ் பக்கம்

மே மாதக் கடைசி, பிள்ளைகளுக்கு அரைப்பருவ விடுமுறை, திங்கட்கிழமை பேங்க் ஹாலிடே வேறு. அதனால் இங்கிலாந்தின் தென்கடலோர மாவட்டமான டார்செட்டுக்கு லண்டனை விட்டு மதியத்துக்கு முன்பே கிளம்பிவிட்டோம். எம்3, எம்27, அப்புறம் ஏ31 நெடுஞ்சாலைகள், வேரம் ஊரைத் தாண்டினால் கோர்ஃப் கோட்டையின் இடிந்த சுவர்கள் மலைமேல் தெரிய ஆரம்பிக்கும், அங்கிருந்து கடல் பக்கம்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், நாங்கள் இரண்டு பேர். தூத்துக்குடியில் கடல் பார்த்து வளர்ந்த அம்மாவை டென்டில் படுக்க வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். தாராளமாகப் படுக்க வைக்கலாம், ஆனால் இடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். இந்தப் பயணக் குறிப்பை எழுதுவதே அதற்காகத்தான்.

நம் ஆட்கள் கேம்பிங் என்றால் மூன்று விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள்: குளிர், கழிவறை, சாப்பாடு. மூன்றுக்கும் வழி இருக்கிறது. இங்கே இடங்கள் பல வகை. நீச்சல் குளம், கடை, விளையாட்டுத் திடல் என்று எல்லாம் உள்ள பெரிய ஹாலிடே பார்க். வெறும் புல்வெளியும் குழாயும் உள்ள விவசாயி வயல். கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் (1901-இல் ஆரம்பித்தது), கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப் (1907) ஆகியவை நடத்தும் ஒழுங்கான இடங்கள். ஐந்தே ஐந்து கேரவன் (காரில் கட்டி இழுத்துவரும் வீட்டுவண்டி) நிற்கக்கூடிய குட்டி இடங்களும் உண்டு. 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் விவசாயிகள் முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வருடத்துக்கு 60 நாள், 50 டென்ட் வரை தங்கள் நிலத்தில் கேம்பிங் நடத்தலாம் என்று விதி வந்தது (முன்னே 28 நாள்தான்). அதனால் கோடையில் திடீர் திடீரென்று புது வயல்கள் திறக்கின்றன. அழகாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் பல இடங்களில் தற்காலிகக் கழிவறைதான். வயசானவர்களோடு போகிறவர்கள் அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்டது மூன்றே கேள்வி. நிலம் சமமா? குளியலறைக் கட்டடம் எத்தனை அடி தள்ளி, ராத்திரி விளக்கு எரியுமா? மின் இணைப்பு உள்ள இடம் கிடைக்குமா? கடல் தெரிகிறதா என்று கேட்கவே இல்லை. கடல் தெரியும் இடம் என்றால் காற்றும் நேராக டென்டுக்குள் வரும், இரவு முழுக்கத் துணி படபடவென்று அடித்தால் சின்னவன் தூங்க மாட்டான். வேலி ஓரமாக, காற்றுக்கு மறைவாக ஓர் இடம் கொடுத்தார்கள். மின் இணைப்பு இருப்பதால் ஒரு சின்ன ஹீட்டர், அம்மாவுக்கு மடக்குக் கட்டில், அதன்மேல் கம்பளம், அதற்கும் மேல் ஸ்லீப்பிங் பேக். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், ஆகவே போர்வையை மேலே போடுவதற்கு முன்னால் கீழே போடுங்கள்.

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் வீட்டிலேயே செய்து எடுத்து வந்தாயிற்று. கேஸ் அடுப்பில் சோறு வடித்துச் சாப்பிட்டு முடித்தபோதும் வெளிச்சம் இருந்தது. ஒன்பது மணிக்கும் இருட்டவில்லை என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

சனி, ஸ்டட்லண்ட்

காலையில் ஸ்வானேஜிலிருந்து கோர்ஃப் வரை நீராவி ரயில். 1972-இல் மூடிவிட்ட ரயில் பாதை, தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். அதைத் தன்னார்வலர்கள் திரும்பப் போட்டு 1995-இல் கோர்ஃப் வரைக்கும் ஓட்டிவிட்டார்கள். டிக்கெட் பார்ப்பவர், கொடி காட்டுபவர் என்று பலரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற பெரியவர்கள். மகன் ஜன்னலை விட்டு அசையவில்லை. கோட்டையை 1646-இல் பாராளுமன்றப் படை வெடிவைத்துத் தகர்த்தது, சுவர்கள் இன்னும் சாய்ந்தபடியே நிற்கின்றன.

மதியம் ஸ்டட்லண்ட் கடற்கரை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல கடற்கரை எனக்குத் தெரியாது. மெல்லிய மணல், நெடுந்தூரம் முழங்கால் அளவு தண்ணீர், அலையும் பெரிதாக இல்லை. நேஷனல் ட்ரஸ்ட் என்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது, உறுப்பினர் என்றால் பார்க்கிங் இலவசம். மே மாதத்தில் தண்ணீர் நன்றாகவே குளிரும். பிள்ளைகளுக்கு நீச்சல் ரப்பர் உடை போட்டுத்தான் விட்டோம். இந்த விரிகுடாவின் கடல்புல்லுக்குள் கடல்குதிரைகள் வாழ்கின்றன, அதனால் 2019-இலிருந்து இது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. தூரத்தில் ஓல்ட் ஹாரி என்கிற வெள்ளைச் சுண்ணாம்புத் தூண். பக்கத்திலேயே அவன் மனைவி என்று ஒரு தூண் இருந்ததாம், 1896-இல் கடல் அதைச் சாய்த்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பூங்காவுக்குப் போனால் கரி அடுப்பு மூட்டிக் கோழி சுடுவது நம் வழக்கம். இந்தப் புதர்க்காட்டு நிலம் காய்ந்தால் ஒரு பொறி போதும். 2020 மே மாதம் வேரம் காட்டில் பற்றிய தீ 200 ஹெக்டேருக்கு மேல் எரித்தது, எரிந்த இடத்தில் ஒரே தடவை சுட்டுவிட்டுத் தூக்கி எறியும் கரி அடுப்புத் தட்டுகள் கிடந்தன. பல்லிகளும் பாம்புகளும் அரிய பறவைகளும் வாழும் நிலம் அது. அந்தத் தட்டுகளை வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் கேம்பில் தரையிலிருந்து உயர்த்திய அடுப்பு மட்டும் அனுமதி. இன்னொன்று, அணைந்த மாதிரித் தெரியும் கரியைக் குளிருக்காக டென்டுக்குள் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

ஞாயிறு, டைன்ஹம்

லண்டனிலிருந்து கணவரின் நண்பர் குடும்பம் இன்று மட்டும் வந்து சேர்ந்துகொண்டது. அவர்கள் யாழ்ப்பாணம் மயிலிட்டியைச் சேர்ந்தவர்கள்.

டைன்ஹம் ஓர் ஆளில்லாத கிராமம். 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், போர்ப் பயிற்சிக்கு நிலம் வேண்டும் என்று 225 பேரை வெளியேற்றினார்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பு குத்திவிட்டுப் போனார்கள்: வீடுகளைக் கவனமாக வைத்திருங்கள், நாங்கள் ஒருநாள் திரும்பி வருவோம் என்று. யாரையும் திரும்ப விடவில்லை. 1948-இல் ராணுவம் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தே விட்டது. இன்றும் சுற்றிலும் பீரங்கிப் பயிற்சி நடக்கிறது, வாரக் கடைசிகளிலும் விடுமுறைகளிலும்தான் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள், ஆகவே திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். மஞ்சள் கம்பங்களுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது, வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம்.

பள்ளிக்கூடத்தை மட்டும் அன்று இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மர பெஞ்சுகளையும் மேஜையில் இருந்த பழைய நோட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூரையில்லாத வீட்டுச் சுவர் ஒவ்வொன்றிலும் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று பலகை. நண்பர் ஒவ்வொரு பலகையையும் நின்று வாசித்தார். 1990-இல் போரால் அவருடைய ஊரைக் காலி செய்தபோது அவர் சின்னப் பையன். ராணுவத்தின் கையில் இருந்த மயிலிட்டித் துறைமுகத்தை 2017-இல்தான் திரும்ப விட்டார்கள். "இஞ்சை பேராவது எழுதி வச்சிருக்கினம்" என்றார். அம்மா அவர் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வோர்பரோ கடற்கரை வரை நடந்து போனாள், தள்ளுவண்டியும் போகக்கூடிய பாதைதான்.

பயண வலைத்தளங்கள் இதைப் 'பேய்க் கிராமம்' என்று எழுதுகின்றன. அப்படிச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உயிரோடு இருந்தவர்கள் விட்டுப்போன ஊர் இது.

திங்கள், மழை

காலையிலிருந்து தூறல். டென்டுக்குள்ளே ரவா உப்புமா, தாயம், கதை. மதியம் வெறித்தது, ஸ்வானேஜ் பக்கத்து டர்ல்ஸ்டன் பூங்காவுக்குப் போனோம். 1887-இல் செதுக்கிய 40 டன் கல் உலக உருண்டை அங்கே இருக்கிறது, போர்ட்லண்ட் கல்லில். மகள் ஆச்சிக்காக இந்தியாவைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

செவ்வாய், மேற்கே இடம் மாறினோம்

டென்டைப் பிரித்து, வண்டியில் ஏற்றி, லைம் ரீஜிஸ் பக்கம் அடுத்த கேம்புக்கு. எல்லா இடத்திலும் காலை பத்து, பதினொன்றுக்குள் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த இடத்தில் மதியம்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊர் பார்க்கலாம்.

லுல்வொர்த் கோவ் பார்த்தோம். வட்டமான விரிகுடா, வாய் மட்டும் குறுகலாகத் திறந்திருக்கும். கடல் பக்கம் கடினமான சுண்ணாம்புக்கல் சுவர், அதற்குப் பின்னால் மிருதுவான களிமண், அதற்கும் பின்னால் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணாம்பு மலை. கடல் முன்சுவரில் ஒரு துளை போட்டது, அப்புறம் உள்ளே உள்ள களிமண்ணைச் சுரண்டித் தின்றுவிட்டது. தேங்காய்க் கண்ணைத் துளைத்து உள்ளே சுரண்டுகிற மாதிரி என்று மகளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். டர்டில் டோர் வளைவும் அதே கற்களில் கடல் செய்த வேலைதான். அங்கே போக மலைச்சரிவில் இறங்கி, கடைசியில் செங்குத்தான படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே இருந்தே பார்க்கலாம், முழு வளைவும் தெரியும். அம்மாவும் நானும் மேலே உட்கார்ந்துகொண்டோம், மற்றவர்கள் இறங்கினார்கள். வளைவுக்கு மேல்புறம் உள்ள மலை உச்சியிலேயே ஒரு ஹாலிடே பார்க் இருக்கிறது, அங்கே டென்ட் போட்டால் பகல் கூட்டம் வருவதற்கு முன் விடியற்காலையில் போய்விடலாம். நடக்க முடிந்த பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நல்ல யோசனை.

அபட்ஸ்பரி அன்னப்பறவைப் பண்ணைக்கு நேரம் பார்த்துத்தான் போனோம். மே நடுவிலிருந்து ஜூன் வரை குஞ்சு பொரிக்கும் காலம். 11ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பெனடிக்ட் துறவிகள் விருந்துக்கு அடித்துச் சாப்பிட வளர்த்தவை, இன்று யாரும் தொடுவதில்லை. இறக்கை வெட்டாமல், கூண்டில் அடைக்காமல் நூற்றுக்கணக்கில் சுதந்திரமாக இருக்கின்றன. பாதை ஓரத்திலேயே கூடு கட்டியிருக்கின்றன, சாம்பல் நிறக் குஞ்சுகள் தாயின் சிறகுக்குள்ளே நுழைவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்குத் தீவனம் போடும்போது பிள்ளைகளையும் கூப்பிட்டு வாளி கொடுக்கிறார்கள். மகன் வாளியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் நின்றான்.

பண்ணைக்குப் பின்னால் செசில் கடற்கரை, 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கூழாங்கல். "ஏட்டி, இவ்வளவு கல்லையும் யாரு கொண்டுவந்து கொட்டுனா?" என்று அம்மா கேட்டாள். கடல்தான். அது தரமும் பிரித்து வைத்திருக்கிறது: மேற்குக் கோடியில் பட்டாணி அளவு, கிழக்கே போர்ட்லண்ட் போகப் போக உருளைக்கிழங்கு அளவு. இரவில் கரை சேரும் மீனவர்கள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். இங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. இரண்டு எட்டு வைத்தால் ஆழம், திரும்பும் அலை காலை வாரி இழுக்கும். பார்ப்பதற்கு மட்டும்.

புதன், சார்மத்

கரையில் புதைபடிமம், அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிர்களைத் தேடும் நாள். இந்த நாளுக்காகத்தான் மகள் காத்திருந்தாள்.

இந்தக் கரையில் ஒரு நாளை எப்படி அமைப்பது என்பதைக் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும்தான் முடிவு செய்யும். அதற்கென்று அட்டவணை இருக்கிறது, கேம்ப் அலுவலகத்திலேயே தினமும் எழுதி ஒட்டுகிறார்கள். பூல் பக்கம் ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, மேற்கே லைம் ரீஜிஸ் வந்தால் பெரிய நாள்களில் மூன்றரை மீட்டர் வரும். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "அப்போ இன்னைக்குக் கடல் நல்லா உள்வாங்கும்" என்று அட்டவணை பார்க்காமலே அம்மா சொன்னாள். ஆனால் இவ்வளவு உள்வாங்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, தூத்துக்குடியில் ஒரு மீட்டர் இறங்கினாலே பெரிசு. பதினொரு மணிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனோம், ஒரு மணி சுமாருக்கு முழுக்க வற்றியது, திரும்ப ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஏறும் கடலுக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறவர்களை மீட்கக் கடலோரக் காவல் படை அடிக்கடி வர வேண்டியிருக்கிறது.

முதலில் கரையில் உள்ள ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டருக்குள் போங்கள். எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், வழிகாட்டியோடு நடையும் உண்டு. சுத்தியல் தேவையே இல்லை. மலையைத் தோண்டக் கூடாது, மணலிலும் கூழாங்கல்லிலும் உதிர்ந்து கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம். அபூர்வமாக ஏதாவது கிடைத்தால் பதிவு செய்யச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி: குனிந்து மெதுவாகத் தேடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும், பெரியவர்களைவிடத் தரைக்குப் பக்கத்தில் இருப்பது அவர்கள்தானே. பித்தளை நிறத்தில் மின்னும் நகக்கண் அளவு அம்மோனைட் (சுருள் ஓட்டு உயிர்), துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் பெலம்னைட் (கணவாய் மாதிரி உயிர்). எல்லாம் சுமார் 19 கோடி வருடத்துக்கு முந்தைய கடலில் நீந்தியவை. முதல் அம்மோனைட்டை எடுத்தது மகன். இரண்டாவதை அம்மா.

பாறைச் சுவருக்குப் பக்கத்தில் ஒட்டி நடக்காதீர்கள், நிழலுக்காகக் கூட உட்காராதீர்கள். இது எந்நேரமும் சரியும் மண். கொஞ்சம் கிழக்கே பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில் 2012-இல் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார்.

மதியத்துக்கு மேல் லைம் ரீஜிஸ். மேரி ஆனிங் பிறந்த ஊர், 1799. அப்பா தச்சர், கடன் வைத்துவிட்டு இறந்துவிட்டார், குடும்பம் கரையில் கிடைக்கும் புதைபடிமங்களைப் பயணிகளுக்கு விற்றுப் பிழைத்தது. 1811-இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான், அடுத்த வருடம் மீதி எலும்புக்கூட்டைத் தேடிக் கண்டுபிடித்தது பன்னிரண்டு பதின்மூன்று வயது மேரி. அதுதான் இக்தியோசர், மீன் வடிவக் கடல் ஊர்வன. 1823-இல் முழு பிளீசியோசரையும் (நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன) எடுத்தார். அவர் கண்டெடுத்ததை வைத்துப் படித்தவர்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள், பெரும்பாலும் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. நிலவியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919-இல், அவர் இறந்து 72 வருடம் கழித்து. 1833-இல் ஒரு சரிவில் அவருடைய நாய் ட்ரே கண்ணெதிரே புதைந்து செத்தது, அவர் மயிரிழையில் தப்பினார். கடற்கரையில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது, நாயும் கூடவே நடக்கிறது. 2022 மே மாதம் திறந்தார்கள். ஏன் இவருக்குச் சிலை இல்லை என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்டதில் ஆரம்பித்த முயற்சி அது. இதைச் சொன்னதும் என் மகள் சிலைக்கு முன்னால் நின்று நோட்டில் வரைய ஆரம்பித்தாள். நாங்களும் அவசரப்படுத்தவில்லை, சிப்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கடற்புறாக்கள் கையிலிருந்தே பிடுங்கும், கவனம்.

வியாழன், வெஸ்ட் பே, வேமத்

வெஸ்ட் பேயில் தங்க நிறத்தில் செங்குத்தாக நிற்கும் மலை, பக்கத்தில் சின்னத் துறைமுகம். படகிலிருந்து இறங்கிய மீன் கிடைத்தது, நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்கார மீன். அம்மா ஒவ்வொன்றின் செவுளையும் தூக்கிப் பார்த்து எடுத்தாள். மீன்காரர் சிரித்துக்கொண்டே ஒன்று அதிகம் போட்டார்.

வேமத்தில் பிள்ளைகள் ஆசைதீர மணலில் ஆடினார்கள். அகலமான விரிகுடா, ஆழமில்லாத தண்ணீர், மூன்றாம் ஜார்ஜ் அரசர் 1789-இல் முதன்முதலாக வந்து குளித்த கரை. பிள்ளைகளோடு கடலில் இறங்கும்போது சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், அந்த இடத்தைத்தான் காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. ஆரஞ்சுக் காற்றுப்பை பறந்தால் ரப்பர் படகு, மிதவை எதையும் எடுக்காதீர்கள், கரையிலிருந்து வீசும் காற்று பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆபத்து என்றால் 999 அடித்துக் கோஸ்ட்கார்ட் என்று கேட்க வேண்டும்.

மாலை கேம்பில் மீன் குழம்பு. புளியும் மசாலாவும் கொதிக்கும் வாசனைக்கு அக்கம்பக்கத்து டென்டுகளில் என்ன சொல்வார்களோ என்று முதல் நாளெல்லாம் அம்மாவுக்கு ஒரே தயக்கம். பக்கத்துக் கேரவன் பாட்டி இன்று தட்டோடு வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பதிலுக்கு ருபார்ப் கேக் கொடுத்தார். இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பது கேம்பின் விதி. அதுவரை இரண்டு பேரும் பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள், பாதிக்கு மகள் மொழிபெயர்த்தாள்.

வெள்ளி, கிளம்பும் நாள்

பனி காய்ந்த பிறகு டென்டை மடித்தோம். ஈரத்தோடு மடித்தால் வீட்டுக்குப் போனதும் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

செலவு கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு: கடலோர விடுதியில் ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுத்தால் ஆகும் காசில் பாதிகூட ஆகவில்லை, சமைத்துச் சாப்பிட்டதும் ஒரு காரணம். டென்ட் இல்லாதவர்கள் உடனே வாங்க வேண்டாம். பல பெரிய கேம்புகளில் கட்டில் போட்ட டென்டோ மரக்குடிலோ வாடகைக்கு இருக்கிறது, ஒரு தடவை அப்படிப் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கு மின் இணைப்புள்ள இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வயசானவர்கள் வருகிறார்கள் என்றால் போன் செய்து குளியலறைக்குப் பக்கத்தில், ஆனால் நடைபாதையை ஒட்டாமல் ஓர் இடம் கேளுங்கள். அப்படிக் கேட்டதில் இரண்டு கேம்பிலும் எங்களுக்குக் கொடுத்தார்கள். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை போக வேண்டும் என்கிறாள். வேல்ஸில் பெம்பிரோக்‌ஷர் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகளோடு அங்கே தங்கியவர்கள் எந்த கேம்ப் சமதளம் என்று சொல்லுங்கள்.